தொங்கும் தொட்டியில் டேபிள் ரோஸ்: தண்ணி தேங்காம வளர்ப்பது எப்படி?

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். இந்தப் பக்கத்து வீடுகளில் செடி வைக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் நான்கு. இடம் இல்லை. கடல் காத்து உப்பா அடிக்குது. கன்டெய்னர் லாரி போற ரோட்டுத் தூசி இலை மேல படியுது. குடிக்கவே தண்ணி பார்த்துப் பார்த்து பிடிக்கிறோம், செடிக்கு எங்க போறது?

நான்குமே நியாயமான காரணங்கள்தான். இந்த நான்கையும் ஓரளவு தாங்கிக்கொண்டு, பால்கனிக் கம்பியில் தொங்கியபடியே தினமும் பூக்கிற ஒரு செடி உண்டு. நர்சரியில் டேபிள் ரோஸ் என்று கேட்டால் தருவார்கள். வீட்டில் சிலர் பட்ரோஸ் என்பார்கள், சிலர் பத்து மணிப் பூ என்பார்கள். வெயில் ஏறி மணி ஒன்பது, பத்து ஆகும்போது பூ விரியும், பிற்பகலில் சுருங்கிவிடும். அதனால்தான் அந்தப் பெயர்.

இந்தச் செடிக்கு ஆகாத ஒரே விஷயம், வேரில் தண்ணீர் தேங்குவது. தேங்கிய தண்ணீர் நம்ம வீட்டுக்கும் ஆகாது, அதில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது. ஆகவே டேபிள் ரோஸைச் சரியாக வளர்க்கத் தெரிந்துகொண்டால், வீட்டைக் கொசு இல்லாமல் வைத்துக்கொள்ளவும் பாதி தெரிந்துகொண்ட மாதிரி.

குண்டு இலைக்குள்ளே இருக்கும் தண்ணித் தொட்டி

டேபிள் ரோஸின் தாவரப் பெயர் போர்ட்டுலாக்கா கிராண்டிஃப்ளோரா. பூர்வீகம் தென் அமெரிக்கா: பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே பக்கத்து வறண்ட மணல் நிலங்கள். இலை ஊசி போல நீளமாக, ஆனால் சதைப்பற்றோடு இருக்கும். விரலால் நசுக்கிப் பார்த்தால் ஈரம் வரும். தண்ணீர் கிடைக்கும்போது இலையிலும் தண்டிலும் சேர்த்துவைத்து, கிடைக்காத நாளில் அதைச் செலவழிப்பது இதன் பழக்கம். இப்படிப்பட்ட செடிகளைத்தான் சதைப்பற்றுத் தாவரங்கள் என்கிறோம்.

கடைகளில் டேபிள் ரோஸ் என்ற பெயரில் தட்டையான இலை உள்ள வகையும் விற்கிறார்கள். அது இதே குடும்பத்துச் செடிதான், வளர்ப்பு முறையும் ஒன்றுதான்.

நம்ம சமையலறைக்குத் தெரிந்த பருப்புக் கீரையும் இதே போர்ட்டுலாக்கா இனம். 2022-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பருப்புக் கீரையின் இலையை ஆராய்ந்து ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார்கள். மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்கள் கடும் வெயிலிலும் வேகமாக உணவு தயாரிக்க ஒரு முறையை வைத்திருக்கின்றன. கள்ளிச்செடி போன்றவை வேறு முறையில், பகலில் இலைத் துளைகளை மூடிவைத்து, இரவில் மட்டும் திறந்து காற்றை வாங்கிக்கொள்கின்றன. அதனால் தண்ணீர் ஆவியாகிப் போவது குறைகிறது. பருப்புக் கீரை, வறட்சி வரும்போது இந்த இரண்டு முறைகளையும் ஒரே இலைக்குள் சேர்த்து நடத்துகிறது. வெயிலில் வாடாமல் வளர்வதும், தண்ணீர் இல்லாமல் சில நாள் தாங்குவதும் ஒரே செடியில் கிடைப்பதற்கு இதுதான் காரணம். டேபிள் ரோஸிடமும் இந்த இரண்டு வழிகளும் உண்டு.

உப்புக் காற்றில் சதைப்பற்றுச் செடி வளருமா என்று சந்தேகப்படுகிறவர்கள், எண்ணூர் கழிமுகத்தின் ஓரத்தைப் பார்த்தால் போதும். கொசஸ்தலையாறு கடலில் சேரும் அந்தச் சேற்று நிலத்தில், தரையோடு தரையாகப் படர்ந்து, குண்டு இலையும் சின்ன இளஞ்சிவப்புப் பூவுமாக ஒரு செடி கிடக்கும். வங்கராவாசி என்று சொல்வார்கள். தாவரப் பெயர் செசுவியம் போர்ட்டுலாகாஸ்ட்ரம், அதாவது போர்ட்டுலாக்காவைப் போல இருப்பது. உப்பை இலைக்குள்ளேயே தனியாக அடைத்துவைத்துப் பிழைக்கிற செடி அது. டேபிள் ரோஸுக்கு அந்த அளவு உப்பைத் தாங்கும் சக்தி கிடையாது. ஆனாலும் மல்லிகை, ரோஜா கருகிப்போகிற மொட்டை மாடியில்கூட இது நின்றுவிடும்.

இடம்: வெயில்தான் முதல் உரம்

ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெயில் குறைந்தால் தண்டு மெலிந்து நீளும், பூ வராது. மேகமூட்டமான நாளில் மொட்டு விரியாமலே போகலாம். அது நோய் இல்லை, இதன் குணம்.

செடி வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள், காலை 8 மணி, 11 மணி, பிற்பகல் 2 மணி என்று மூன்று தடவை உங்க பால்கனியை போனில் படம் எடுத்துப் பாருங்க. எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று தெரிந்துவிடும். கிழக்கு பார்த்த பால்கனி, மொட்டை மாடி, வெயில் படுகிற ஜன்னல் கம்பி, இவை பொருத்தமான இடங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் நடைபாதையில் வெயில் வராது, அங்கே இந்தச் செடி வேண்டாம். நடைபாதையில் தொட்டி வைத்தால் அவசரத்துக்கு ஆள் ஓடும் வழியும் அடைபடும்.

தொட்டியும் மண்ணும்

செடிக்கு ஆழமான வேர் கிடையாது. 6 அல்லது 8 அங்குலத் தொட்டி போதும். பாதியாக வெட்டிய 20 லிட்டர் வாட்டர் கேன், பழைய பிளாஸ்டிக் பக்கெட், கூடை எதுவானாலும் சரி. அடியில் பென்சில் நுழைகிற அளவுக்கு 5 ஓட்டையாவது போடுங்க. ஓட்டை இல்லாத தொட்டி, எவ்வளவு அழகாக இருந்தாலும், டேபிள் ரோஸுக்குச் சவப்பெட்டி.

நம்ம பகுதியில் கம்பெனிகளில் இருந்து வெளியே வரும் பழைய கெமிக்கல் கேன், டிரம் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாதவற்றைச் செடிக்கும் பயன்படுத்தாதீங்க, தண்ணீர் பிடித்துவைக்கவும் பயன்படுத்தாதீங்க.

மண் கலவை சுலபம். செம்மண் ஒரு பங்கு, கரடான ஆற்று மணல் அல்லது நன்றாகக் கழுவிய எம்.சாண்ட் ஒரு பங்கு, மண்புழு உரமும் தென்னை நார்க்கழிவும் சேர்ந்து ஒரு பங்கு. கைப்பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாகப் பிடித்து, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். கடற்கரை மணல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அள்ளி வராதீங்க. அதில் இருக்கும் உப்பு வேரைக் கருக்கிவிடும். ஆற்றோரம், கால்வாயோரம், ரயில் பாதையோரம் இருக்கும் மண்ணும் வேண்டாம்.

ஒரு துண்டு தண்டு போதும்

விதை போட்டும் வளர்க்கலாம். விதைக் காய் முற்றியதும் மேலே இருக்கும் மூடி தானாகக் கழன்று, தூள் போன்ற விதைகள் கொட்டும். போர்ட்டுலாக்கா என்ற பெயரே சின்னக் கதவு என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் கடையில் வாங்கிய அடுக்குப் பூ வகைகளின் விதை அதே நிறத்தில் பூக்கும் என்று உறுதி இல்லை. அதே பூ வேண்டும் என்றால் தண்டு வெட்டி நடுவதுதான் வழி.

1. பூ இல்லாத, திடமான நுனித் தண்டை 3 முதல் 4 அங்குல நீளத்துக்குக் கிள்ளுங்க.
2. கீழ்ப் பக்கம் ஓர் அங்குலத்துக்கு இலைகளை எடுத்துவிட்டு, சில மணி நேரம் நிழலில் வையுங்க. வெட்டிய வாய் காய்ந்தால் அழுகாது.
3. லேசாக ஈரமாக்கிய மண்ணில் குச்சியால் ஓட்டை போட்டு நடுங்க. 8 அங்குலத் தொட்டிக்கு 5 அல்லது 6 தண்டு, ஓரமாக வட்டமாக நட்டால் நாலு பக்கமும் தொங்கும்.
4. நாலைந்து நாள் வெளிச்சமான நிழலில் வைத்து, பிறகு வெயிலுக்கு மாற்றுங்க. பத்து நாளுக்குள் வேர் பிடித்துவிடும்.

வேர் ஊக்கி மருந்து எதுவும் வாங்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டில் இருந்தால் நாலு தண்டு கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொடுத்த செடி மறுபடி துளிர்த்துவிடும்.

தண்ணி: எப்போ, எவ்வளவு?

"தினமும் ஊத்தணுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நாள் கணக்கு பார்க்காதீங்க, விரல் கணக்கு பாருங்க. ஆள்காட்டி விரலை மண்ணில் ஓர் அங்குலம் விட்டுப் பாருங்க. ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால், அடி ஓட்டை வழியாகச் சொட்டும் வரை ஊற்றுங்க. கத்திரி வெயிலில் சின்னத் தொட்டிக்குத் தினமும்கூடத் தேவைப்படலாம். மற்ற நாட்களில் இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும். மழைக்காலத்தில் வாரக் கணக்கில் ஊற்ற வேண்டியிருக்காது.

இலை சுருங்கித் தொய்ந்திருந்தால் தாகம். ஊற்றிய மறுநாள் நிமிர்ந்துவிடும். தண்டு கண்ணாடி போலக் குழைந்து, அடியில் கறுத்திருந்தால் அழுகல். அப்போது தண்ணீர் ஊற்றினால் மேலும் கெட்டுப்போகும். நல்ல நுனிகளைக் கிள்ளிப் புது மண்ணில் நட்டுவிட்டு, பழைய மண்ணை வெயிலில் காயப்போடுங்க. இந்தச் செடி சாவது பெரும்பாலும் அன்பு மிகுதியால்தான்.

எந்தத் தண்ணீர் என்பது வடசென்னையில் முக்கியமான கேள்வி. மீஞ்சூர் முதல் கடலோரமாக நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்திருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவான விஷயம். நிலத்தடி நீரை மட்டும் நம்ப முடியாத நிலையில்தான் 2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. உங்க போர் தண்ணீர் கரித்தால், அதை மட்டுமே தொடர்ந்து ஊற்றாதீங்க. தொட்டி ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் அதுவே எச்சரிக்கை. ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் கழிவுநீரிலும் உப்பு அடர்த்தியாக இருக்கும், அது தரை துடைக்க, கழிப்பறைக்கு உதவும், தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

ஏ.சி. தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், பிடித்துவைத்த மழைத் தண்ணீர் மூன்றும் நல்லது. மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, அடி வழியாக வடியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். வாரம் ஒரு முறை காலையில் இலைமேல் தண்ணீர் தெளித்துத் தூசியையும் உப்பையும் கழுவிவிடுங்க. தூசி படிந்த இலைக்கு வெளிச்சம் குறைவாகத்தான் கிடைக்கும்.

பிளேட் தண்ணீரும் டெங்குவும்

தொட்டிக்கு அடியில் வைக்கும் பிளேட்டில் தேங்கும் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவு தண்ணீரே போதும். முட்டை பொரித்து, புழுவாகி, கொசுவாகப் பறக்க நம்ம ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். பிளேட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தண்ணீர் இல்லாமலும் அந்த முட்டை மாதக்கணக்கில் பிளேட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும், அடுத்த தடவை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் வாரம் ஒரு நாள் பிளேட்டை நாரால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்க. முடிந்தால் பிளேட்டே வேண்டாம், அல்லது பிளேட்டில் மணல் நிரப்பிவிடுங்க.

சென்னை மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வரும்போது மொட்டை மாடியையும் பால்கனியையும் பார்க்க அனுமதியுங்க. தெருவில் தண்ணீர் தேங்கினாலோ கொசுத் தொல்லை இருந்தாலோ 1913 என்ற எண்ணில் அழைக்கலாம், அல்லது நம்ம சென்னை செயலியில் படத்தோடு புகார் பதியலாம். திருவொற்றியூர், எண்ணூர் 1-வது மண்டலத்திலும், தண்டையார்பேட்டை 4-வது மண்டலத்திலும், ராயபுரம் 5-வது மண்டலத்திலும் வருகின்றன. மண்டலத்தைக் குறிப்பிட்டால் புகார் சரியான இடத்துக்குப் போகும்.

தொங்கவிடும்போது கீழே யார்?

8 அங்குலத் தொட்டி ஒன்று நனைந்த மண்ணோடு சுமார் 5 கிலோ இருக்கும். அது மூன்றாவது மாடியில் இருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிடாதீங்க, உள் பக்கமாகவே மாட்டுங்க. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கொக்கியும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடித்து இற்றுப்போகும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியோ, தடித்த நைலான் கயிறோ நல்லது. மாதம் ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

புயல் எச்சரிக்கை வந்தால் முதல் வேலை, தொங்கும் தொட்டிகளை இறக்கி வீட்டுக்குள் வைப்பது. வானிலை ஆய்வு மையத்தின் மௌசம் செயலியையும், தமிழக அரசின் டி.என். அலர்ட் செயலியையும் போனில் வைத்திருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்று மாதமும்தான் டேபிள் ரோஸுக்குக் கண்டம். தொடர்மழைக்கு முன் தொட்டியைச் சன்ஷேடு அடியில் நகர்த்துங்க. ஒவ்வொரு நிறத்திலும் நாலு தண்டு கிள்ளி ஒரு சின்னத் தொட்டியில் தனியாக நட்டு, நனையாத ஜன்னலில் வையுங்க. பெரிய தொட்டி அழுகினாலும் ஜனவரியில் மறுபடி தொடங்க விதைச் செடி கையில் இருக்கும்.

உரம், கத்தரிப்பு, பூச்சி

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதிகம் போட்டால் இலைதான் செழிக்கும், பூ குறையும். தண்டு நீண்டு நடுவில் மொட்டையாகத் தெரிந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாதி நீளத்துக்குக் கத்தரியுங்க. கத்தரித்த இடத்தில் பல கிளை வரும். வெட்டிய நுனிகள் அடுத்த தொட்டிக்கு ஆகும், மிச்சம் மக்கும் குப்பையில் போகட்டும்.

இலை இடுக்கில் பஞ்சு போல வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்க. போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்க. வாரம் ஒரு முறை என்று மூன்று வாரம் செய்தால் அடங்கும்.

நாய், பூனை இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்க. இந்தச் செடியில் உள்ள ஆக்சலேட் உப்பு அவற்றுக்கு ஆகாது.

பருப்புக் கீரை மாதிரி இருக்கே, சாப்பிடலாமா?

டேபிள் ரோஸ் அழகுக்கான செடி. நர்சரியில் என்ன மருந்து தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. சமையலுக்கு வேண்டாம். கீரைக்கு என்றால் பருப்புக் கீரையை விதை வாங்கி, நல்ல மண்ணில், ரோட்டைப் பார்க்காத பக்கத்தில் தனியாக வளர்த்து, நன்றாகக் கழுவிச் சமையுங்க. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கழிமுக ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் தானாக முளைத்துக் கிடக்கும் சதைப்பற்றுச் செடிகளைப் பறித்து உணவாக்க வேண்டாம். வங்கராவாசி போன்ற செடிகள் மண்ணில் உள்ள உப்பை மட்டும் அல்ல, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சக்கூடியவை. மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்ய உதவுமா என்று ஆய்வாளர்கள் இவற்றைச் சோதித்துப் பார்ப்பதே அதனால்தான். எண்ணூர் ஓரம் நிலக்கரிச் சாம்பலைப் பல ஆண்டுகளாகப் பார்த்த இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கழிமுகத்தில் பரவியது. நிலம் எதைக் குடித்ததோ, அதைத்தான் செடியும் குடித்திருக்கும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடலாம். நாலு தொட்டி வைத்தால் வீட்டுக் காற்று சுத்தமாகிவிடும் என்று வரும் வீடியோக்களை நம்பாதீங்க. தொழிற்சாலைப் புகையைச் சரிசெய்வது செடியின் வேலை இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, ராயபுரம் கண்காணிப்பு நிலையங்களின் காற்றுத் தரக் குறியீட்டை நீங்களே பார்க்கலாம். குறியீடு மோசமாக இருக்கும் நாளில் குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் மாடியில் நெடுநேரம் இருக்கவிடாதீங்க. புகை, நாற்றம் என்று புகார் இருந்தால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-இல் பதிவு செய்யலாம்.

அடுத்த படி

டேபிள் ரோஸ் கைவந்துவிட்டால் காய்கறிக்குப் போகலாம். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் வழங்குகிறது. தென்னை நார்க்கழிவு, வளர்ப்புப் பை, விதை, உயிர் உரம் போன்றவை அதில் இருக்கும். அந்தந்த ஆண்டின் விலையையும் இருப்பையும் துறையின் இணையதளத்தில் பார்த்து, அங்கேயே ஆதார் விவரத்தோடு பதிவு செய்யலாம். உழவன் செயலியிலும் தோட்டக்கலைத் திட்டங்களின் விவரம் கிடைக்கும்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெயில் விழும் இடம் ஒன்று, ஓட்டை போட்ட தொட்டி ஒன்று, நாலு தண்டு. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து நிமிடம்: மண்ணில் விரல் விட்டுப் பாருங்க, கொக்கியை இழுத்துப் பாருங்க, பிளேட்டைத் தேய்த்துக் கழுவுங்க. அப்படியே மாடியில் கிடக்கும் பழைய டயர், தேங்காய் ஓடு, மூடாத தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்க.